குதிரைக்குச் சர்க்கரை நோய் தேடிய நடேசன்

கால்நடை டாக்டர் நடேசன் போய்விட்டார். சற்று முன்தான் அவர் மகன் போன் செய்து சொன்னார்.

நூறு வயதைத் தொடவில்லையே என்று மகனுக்கு வருத்தம். எனக்கு அந்த வருத்தம் இல்லை... தொண்ணூறைத் தாண்டியவர்களுக்குச் சாவு எதிர்பாராத விருந்தாளி அல்ல.

யுத்த காலத்தில் நாங்கள் பொம்மிடியில் இருந்தோம். அப்பா ஸ்டேஷன் மாஸ்டர். நான் மதராஸில் கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டிருந்தேன். குண்டு விழும் என்று கல்லூரியை மூடிவிட்டதால் மாதக்கணக்கில் வீட்டில் கிடந்தேன்.

நடேசன் அங்கே புதிதாக வந்திருந்தார். ஒரு மிட்டாய்க் கடைக்காரரின் நாய் மூத்திரம் பெய்த இடத்தில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்து, அதற்குச் சர்க்கரை நோய் என்று சோதித்துக் காட்டியவர். நாய் பிழைக்கவில்லை.

அன்றிலிருந்து அவருக்கு அதே பைத்தியம். ஆடு, மாடு, கழுதை... எதன் பின்னாலும் குப்பியோடு நிற்பார். கெமிஸ்ட்ரி படிக்கிறவள் என்று சோதனைக்கு என்னைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார்.

குதிரைக்கு அந்த நோய் வருவது அபூர்வம். ஒன்றை நிரூபித்துவிட்டால் மதராஸில் ஆராய்ச்சி இடம் நிச்சயம் என்று அவருடைய பழைய புரொபசர் ஆசை காட்டியிருந்தார்.

அப்போதுதான் ஸ்டேஷன் வாசலில் மாரியப்பனின் ஜட்காக் குதிரை நடக்க மறுத்தது. முன்னங்கால்களை நீட்டிவைத்துப் பின்னால் சாய்ந்தபடி நின்றது. லாடம் கட்டியவரைத் திட்டினார்கள், திருஷ்டி என்றார்கள். "காட்டுப்பக்கம் வெரட்டி வுட்டுட்டு வேற பொழப்பப் பாரு" என்றார் அவருடைய மச்சான்.

மாரியப்பனுக்கு இருந்தது அந்த ஒரு குதிரை.

குதிரையின் கொழுத்த கழுத்தைத் தடவிப் பார்த்து, சர்க்கரை நோயேதான் என்று நினைத்த நடேசனின் முகம் மலர்ந்தது. நோயாளியைக் கண்டு அவ்வளவு சந்தோஷப்பட்ட டாக்டரை நான் பிறகு பார்த்ததில்லை.

மூத்திரம் வேண்டும். விசிலடித்தால் குதிரை பெய்யும் என்று சட்டியைப் பிடித்துக்கொண்டு விசிலடித்தார் மாரியப்பன். வெகுநேரம் அடித்தார்...

பிளாட்பாரத்திலிருந்து அப்பா கத்தினார். "ஏம்ப்பா, நீ ஊதற ஊதலுக்குப் பாசஞ்சரே கெளம்பிடும்போல இருக்கே!"

"ரயிலு போனாப் போவுதுங்க சாமி... இதுக்கு வந்தாப் போதும்ங்க."

வந்தது. நீலத் திரவத்தில் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் நான் காய்ச்சினேன். சர்க்கரை இருந்தால் செங்கல் நிறமாகும்.

நீலமாகவே இருந்தது.

"இன்னொரு தரம் காய்ச்சும்மா" என்றார் நடேசன். காய்ச்சினேன். நீலம்.

"கொஞ்சம் பச்ச அடிக்கிற மாதிரி இருக்குதுங்களே... அப்படின்னு எழுதுனா யாருங்க வந்து பாக்கப்போறாங்க?" என்றார் அவருடைய கம்பவுண்டர்.

நடேசன் டியூபை வெயிலில் நீட்டிப் பார்த்தார். எனக்கே அவர் மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது.

"நீலம்னு எழுதும்மா" என்றார். எழுதினேன்.

அதற்குப் பிறகுதான் குனிந்து குளம்பைத் தொட்டார். கொதித்தது.

"இதுக்குத் தெனம் என்ன குடுக்கற?"

"கொள்ளுங்க, புல்லுங்க... வழில ஆலைக்காரங்க குடுக்கற வெல்லமுங்க."

"எத்தன ஆல?"

"பாப்பிரெட்டிப்பட்டி வரைக்கும் எல்லா ஆலையுந்தாங்க."

எங்கள் பக்கத்துக் கரும்பாலைகளில் பாகு இறக்கினால், சாலையில் போகும் வண்டி மாட்டுக்கோ குதிரைக்கோ ஒரு கை ஆறவைத்துக் கொடுத்த பிறகுதான் மீதியை அச்சில் ஊற்றுவார்கள். மறுத்தால் அடுத்த கொப்பரை கெட்டுவிடும் என்று நம்பிக்கை.

லாடத்தைக் கழற்றி ஈர மணலில் நிற்கவைக்கச் சொன்னார் நடேசன். வெல்லம் மிஞ்சித்தான் குளம்பு வெந்திருக்கிறது, இனி அது கூடவே கூடாது என்றார்.

"வாணாம்னு சொன்னா அடிக்க வருவாங்க டாக்டரய்யா!"

"குதிரைக்குப் பதிலா நான் வாங்கிக்கறேன், போ."

விளையாட்டுப் பேச்சு என்று நினைத்தோம். குதிரை மெல்ல மெல்லக் காலூன்றியது. அதை மறுபடி வண்டியில் பூட்டிய அன்று, நடேசன் மாரியப்பனுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். ஆலைக்கு ஆலை கையை நீட்டினார்.

"என்னங்க டாக்டரே, குதிரைக்கு வெச்சத நீங்க திங்கறீங்க?"

"அதுக்கு ஒடம்பு சரியில்லீங்க. எனக்கு நல்லாத்தான் இருக்குது."

ஆராய்ச்சி இடம் வேறொருவருக்குப் போயிற்று. அந்தச் செய்தியை மாரியப்பனிடம் சொன்னவள் நான்தான். "அப்ப டாக்டரு இங்கயேதான் இருப்பாருங்களா பாப்பா?" என்று கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

இருந்தார். ரிட்டயர் ஆகும்வரை தேடினார். ஒரு குதிரைகூட அகப்படவில்லை.

நல்லபடியாகப் போய்ச் சேருங்கள், நடேசன்.