சீனி சுற்றி வந்த கேள்வி

அக்காவின் பிறப்புப் பத்திரத்தில் ஊர் கரம்பொன் என்று பதிந்திருக்கிறது. அம்மாவோ புளியங்கூடல் என்றே சொல்வார். இரண்டையும் இங்கே குறித்து வைக்கிறேன். அக்கா நெடுந்தீவில் கால் வைத்த நாளில் குழப்பமில்லை: அத்தானைக் கைப்பிடித்த மறுநாள், வைகாசி வெள்ளிக்கிழமை.

பிள்ளைகள் இல்லை. அத்தான் பனையிலிருந்து விழுந்து படுக்கையான பிறகு, அக்கா தீவுக்கு வெளியே ஓர் இரவும் தங்கவில்லை. காலையில் புறப்பட்டால் பின்னேரப் படகில் திரும்பியாக வேண்டும். கடல் குழம்பினால் அதுவும் இல்லை. எங்கள் அம்மாவின் செத்தவீட்டுக்குக்கூட அவரால் வர முடியவில்லை.

அந்த நாட்களில் கடையில் சீனி சுற்றித் தந்த தாளொன்றை அக்கா வாசித்தார். மேல்நாட்டுத் தத்துவ அறிஞர் ஒருவரின் நூல், தமிழில். போக வழியில்லாமல் நிற்பவரும், நிற்பதென்று முடிவெடுத்தவரும் ஒன்றா என்று அதில் கேட்டிருந்தார். விடை அடுத்த தாளில். அது யாருடைய வீட்டுக்குப் பருப்போடு போனதோ.

அறிஞரின் பெயர் ஒரு மார்கழியில் தெரியவந்தது. மேசையின் இழுப்பு லாச்சிக்குள் அக்காவே விரித்த பழைய பத்திரிகையில், அதே கேள்வியோடு அவரைப் பற்றிய கட்டுரை இருந்தது. பிறகு, அத்தானின் மருந்துக்காக இறங்குதுறையில் நின்றபோது, ஒரு பாதிரியாரின் கையில் அவருடைய வேறொரு நூல். படகு வரும்வரை வாசிக்கத் தந்தாராம். அன்றைக்கென்று படகு நேரத்துக்கு வந்துவிட்டதாக அக்கா குறைப்பட்டார்.

அத்தானுக்கு இது பிடிக்கவில்லை. நான் போயிருந்தபோதே கேட்டார்: "என்னை விட்டிட்டுப் போறதுக்கோ உந்தத் தாளுகளைப் படிக்கிறீர்?"

"ஓம். போட் வரட்டும்," என்றார் அக்கா, அவரைப் புரட்டிப் படுக்கவைத்தபடி. அத்தான் சிரிக்கவில்லை.

வெளியே வந்து அக்கா என்னிடம் சொன்னார்: "போக ஏலாமல்தான் நான் நிக்கிறன் எண்டு இந்த மனிசன் நினைச்சுக்கொண்டு கிடக்குது, தம்பி. மிச்சத்தை வாசிச்சுக் காட்டவேணும். போக ஏலாமல்தான் நிக்கிறனோ எண்டு எனக்கும் சிலவேளை கிடக்கு."

சீனித் தாளில் வந்த அந்த நூல் எனக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில் அகப்பட்டது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான், வித்தியாசத்தை நிற்பவரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதே விடை. குறிகட்டுவான் துறையில் படகேறிய ஒருவரிடம், எங்கள் வழக்கப்படி வீட்டுக்காரரான அத்தானின் பெயரைச் சொல்லிப் பொதியைக் கொடுத்தனுப்பினேன். அது கார்த்திகை மாதம். அந்தக் கிழமையே அத்தான் கண் மூடினார்.

அதன்பின் எங்களோடு வந்திருக்கும்படி பலமுறை கேட்டேன். "இப்ப ஒருத்தரும் மறிக்கேல்லை, தம்பி. அதாலதான் நிக்கிறன்," என்றார். கடைசிவரை நின்றார்.

குழம்பிய கடலில் வைத்தியரை ஏற்றி வந்த படகோட்டிகளுக்கும், கடைசி நாட்களில் அக்காவின் அருகிருந்த அயலவருக்கும், சுடலைவரை தோள் கொடுத்தோருக்கும், இன்று அக்காவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்திருக்கும் உங்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றியுடையது.

ஒரு குறிப்பு. பொதியை அத்தானின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு அன்றுதான் அக்காவிடம் கொடுத்ததாகக் கொண்டுபோனவர் சொல்கிறார். அத்தான் இறப்பதற்கு முந்திய பின்னேரம் அக்கா அவருக்கு எதையோ உரத்து வாசித்ததைக் கேட்டதாகப் பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். அக்கா இதுபற்றி ஒன்றும் சொன்னதில்லை. அத்தான் அந்த விடையைக் கேட்டாரா என்பது இதை எழுதும்வரை உறுதிப்படவில்லை.