கடைப் பையில் சிரித்த மணப்பெண்

சின்ன காஞ்சிபுரத்தில் ஸ்கிரீன் பிரிண்டிங் கடை வைத்திருக்கும் சுகாசினி, பத்து வருஷமாக ஒரே மணப்பெண்ணை அச்சடித்து வந்தாள். காசிநாதனின் பட்டுக் கடைக்குப் போகும் மஞ்சள் துணிப்பையில் நெற்றிச்சுட்டியும் ஒட்டியாணமுமாக அந்தப் பெண், கன்னத்தில் விரல் வைத்துச் சிரிப்பாள். மையை ஊற்றி, வலைத்துணியின் மேல் ரப்பர் கட்டையை ஒரு இழுப்பு இழுத்தால் ஒரு சிரிப்பு. ஒரு நாளைக்கு ஐந்நூறு சிரிப்பு.

போன ஏப்ரலில், அம்பேத்கர் பிறந்தநாளுக்குச் சொந்த ஊரான முசரவாக்கத்தில் சுவரொட்டி கேட்டார்கள். அவள் அம்மா கங்கையம்மாள் அங்கே அடுத்தவர் வயலில் நாற்பது வருஷம் நாற்று நட்டவள். சுகாசினி அம்மாவை நிற்க வைத்துப் போட்டோ எடுத்தாள். கன்னத்தில் அதே விரல். தலையில் சும்மாடு, மறுகையில் நாற்றுக்கட்டு.

"சிரிக்கணுமா?"

"உனக்குத் தோணினா சிரிம்மா."

கங்கையம்மாள் சிரிக்கவில்லை. கடைப் பையின் மாங்காய்க் கரையையும் கடைப் பெயரையும் அப்படியே வைத்து, ரோஸிலும் கிளிப்பச்சையிலும் நூறு தாள் அடித்தாள் சுகாசினி.

படம் கைபேசிகளில் சுற்றி மூன்றாம் நாள் காசிநாதனை எட்டியது. அவர் நேரே சுகாசினியின் கடைக்கு வந்துவிட்டார்.

"ஏம்மா, எங்க படத்த கேக்காம எடுத்துக்கினியே, நியாயமா?"

"எடுத்தேன் சார். அந்தப் பொண்ணு யாருன்னு சொல்லுங்க, அவங்ககிட்ட மன்னிப்பு கேக்குறேன்."

காசிநாதன் யோசித்தார். "எங்கப்பா ஏதோ காலண்டர்லேர்ந்து வெட்டினதும்மா."

"அவரு யாரையாவது கேட்டாரா?"

காசிநாதன் கொடியில் காய்ந்துகொண்டிருந்த கங்கையம்மாளைப் பார்த்தார். "கடைப் பேர மட்டும் எடுத்துடும்மா" என்று சொல்லிக் கிளம்பினார். அது சரியென்று சுகாசினிக்கும் பட்டது. அடுத்த அச்சில் அந்த இடத்தில், அதே வளைந்த எழுத்தில், அம்மாவின் பெயரைப் போட்டாள். பை ஆர்டரும் நிற்கவில்லை.

ஆடியில் பெங்களூர்க் கம்பெனி ஒன்று கங்கையம்மாளை டி-ஷர்ட்டில் போட்டு விற்றது. பெயரை வெட்டிவிட்டிருந்தார்கள். சுகாசினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீயுந்தான எடுத்த?" என்றாள் கங்கையம்மாள்.

"நான் எடுத்தது கடையோட படம். அவன் உன்னையே எடுத்துக்கினு போறாம்மா."

கம்பெனிக்கு அன்றே எழுதினாள். நான்கு முறை எழுத வேண்டியிருந்தது. கடைசியில் பெயரைச் சேர்த்து, ஒரு டி-ஷர்ட்டும் அனுப்பி வைத்தார்கள். கங்கையம்மாள் அதைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு நூறு நாள் வேலைக்குப் போனாள். வருகை எடுக்கப் புதிதாக வந்த பெண் பெயர் கேட்டதும், வாய் திறக்காமல் நெஞ்சைக் காட்டினாள்.