ஒரே எண்ணில் இருபத்து மூன்று வீடுகள்

கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் போகும் சாலையில், எனக்கு ஒரு கடை இருக்கிறது. இரண்டு கணினி, ஒரு பிரிண்டர், சுவரெல்லாம் மாதிரிக் கல்யாணப் பத்திரிகைகள். காலையில் மணமக்களின் பெயரைத் தட்டச்சு செய்த விரல்களே மதியம் கண்ணீர் அஞ்சலிக்குக் கறுப்புக் கட்டம் போடும். எழுத்துக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. எனக்குத்தான் உட்கார்ந்தால் கால் குடையும். புதிதாக ஏதாவது செய்யாவிட்டால் உள்ளே ஒரு மின்விசிறி காற்று வராமல் ஓடிக்கொண்டே இருக்கும். அப்படித்தான் நாற்பத்தேழு வயதில், யூடியூப் பார்த்து, இணையப் படிவம் செய்யக் கற்றுக்கொண்டேன்.

வேலை கொடுத்தவர் மலையடிவாரத்தில் ஒரு தங்கும் இல்லத்தின் பொறுப்பாளர். பொங்கல் முடிந்ததும் கல்வராயன் மலைக் குடும்பங்கள் குடகுக்குப் போகும். காப்பிக்கொட்டை பறிக்க, மிளகு பறிக்க. பிள்ளைகளும் கூடவே போய்விடும். பள்ளிக்கூடத்தில் பெயர் மட்டும் மாணவர்போல உட்கார்ந்திருக்கும். பெற்றோர் திரும்பும்வரை பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிக்கவைப்பது இல்லத்தின் வேலை. யார் தங்குவார்கள், யார் சம்மதித்தார்கள் என்ற பட்டியல் அதுவரை காகிதத்தில் வந்துகொண்டிருந்தது.

"பேப்பர் வேணாம் மேடம்" என்றார் அவர். "ஒண்ணு மழையில நனையுது, இல்ல பஸ்ல மறந்து வெச்சிட்டு வராங்க. போன்ல எழுதுனா நேரா கூகுள் ஷீட்ல வந்து விழணும். பண்ண முடியுமா?"

"முடியும்" என்றேன். முடியுமா என்று அப்போது எனக்குத் தெரியாது.

முப்பத்தோரு கேள்விகள் இருந்தன. ஒரே பக்கத்தில் வைத்தால் பார்த்ததுமே யாருக்கும் மூச்சு முட்டும். ஐந்து பக்கங்களாகப் பிரித்தேன். முதல் பக்கத்தில் தொடர்பு எண்ணும் ஊரும். இரண்டாவதில் பெற்றோர். மூன்றாவதில் பிள்ளை, வகுப்பு, உடல்நலம். நான்காவதில் ஒரே ஒரு கேள்வி: பிள்ளை இல்லத்தில் தங்கச் சம்மதமா? ஆம், இல்லை. ஐந்தாவதில் சரிபார்த்து அனுப்புவது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'அடுத்து' என்று ஒரு பச்சைப் பொத்தான். அந்தப் பொத்தானின் பச்சைக்கு மட்டும் அரை நாள் செலவழித்தேன். புதிதாய் முளைத்த நெல்லின் பச்சை வேண்டும் என்று எனக்கொரு பிடிவாதம்.

வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் இல்லத்துக்காக வேலை பார்க்கும் பெண் ஒருத்தி இருந்தாள். முப்பது வயது, கைக்குழந்தை, எதற்கும் அஞ்சாத வாய். முதலில் அவளிடம்தான் படிவத்தை அனுப்பினேன். அன்று மதியமே போன் வந்தது.

"அக்கா, நாலு பக்கம் போயிட்டேன். நடுவுல என் வூட்டுக்காரு போன் பண்ணாரு. பேசிட்டு வந்து பார்த்தா மொதல் பக்கத்துல நிக்குது. எழுதுனது எல்லாம் எங்க போச்சி?"

"போயிடுச்சிம்மா. கடைசியா அனுப்புனாத்தான் சேரும்."

"நல்லா இருக்குது போ. சோறாக்கி இறக்குற வரைக்கும் அடுப்பு பக்கத்துலயே நிக்கணும்னா, நாங்க வேற வேல பார்க்க வேணாமா?"

அவள் சொன்னது நியாயம். மாற்றினேன். ஒவ்வொரு 'அடுத்து'க்கும் அதுவரை எழுதியது ஷீட்டில் சேர்ந்துவிடும். ஆனால் இரண்டாம் பக்கம் வந்து சேரும்போது, இது யாருடைய இரண்டாம் பக்கம் என்று ஷீட்டுக்குத் தெரிய வேண்டுமே. அதற்கு ஓர் அடையாளம் தேவை. தொடர்பு எண்ணை அடையாளமாக வைத்தேன். அந்த எண் ஏற்கெனவே இருந்தால் அதே வரியில் எழுது. இல்லாவிட்டால் புது வரி தொடங்கு. கடையில் மூன்று பேர் மூன்று போனில் சோதித்தோம். மூன்று வரிகள் வந்தன. ஆளுக்கு ஓர் எண், எண்ணுக்கு ஒரு வரி. எனக்கு அது ஒரு நல்ல கவிதையைப் போலக் கச்சிதமாகத் தெரிந்தது. கச்சிதமாகத் தெரிந்ததும் நான் யோசிப்பதை நிறுத்திவிட்டேன்.

பொங்கல் கழிந்த திங்கட்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு அவள் பேசினாள்.

"இருபத்து மூணு வூடும் முடிச்சிட்டேன்க்கா. தண்ணி டேங்க் கிட்ட தான் டவர் கிடைக்கும், ஒவ்வொருத்தரா இட்டுக்கினு வந்து எழுதினேன். அந்தப் பத்தாவது படிக்கிற பொண்ணு இருக்குதே, அதோட அம்மா ஒத்துக்கினதுதான் பெரிய விஷயம். மூணு நாளா வேணாம் வேணாம்னு இருந்தாங்க. இன்னிக்கி இன்னா நெனச்சாங்களோ, சரின்னுட்டாங்க."

அந்தப் பெண்ணைப் பற்றி எனக்கு முன்பே சொல்லியிருந்தாள். பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. குடகுக்குப் போனால் தேர்வு போச்சு. புதன்கிழமை விடியற்காலையில் எஸ்டேட் வண்டி வருகிறது. புதன் மதியத்துக்குள் பட்டியல் இல்லத்துக்குப் போக வேண்டும்.

ஷீட்டைத் திறந்தேன். ஒரே ஒரு வரி இருந்தது.

முதலில் அது திறக்கத் தாமதமாகிறது என்று நினைத்தேன். புதுப்பித்தேன். மறுபடியும் ஒரே வரி. படித்தேன். அப்பா பெயர் ஒரு வீட்டிலிருந்து, அம்மா பெயர் இன்னொரு வீட்டிலிருந்து. மூன்றாம் வகுப்புப் பையனுக்குப் பதினைந்து வயது. ஒரு கட்டத்தை யாராவது நிரப்பாமல் விட்டிருந்தால் அதில் முந்தைய வீட்டின் பதில் அப்படியே தங்கியிருந்தது. ஓர் ஊர் முழுவதும் ஒரே வரிக்குள் ஒருவர்மேல் ஒருவராக உட்கார்ந்து, உலகத்தில் எங்குமே இல்லாத ஒரு பிள்ளையைப் பெற்றிருந்தது.

போன் செய்தேன். "எல்லாருக்கும் எந்த நம்பர் போட்ட?"

"என் நம்பர் தான்."

"எல்லாருக்குமா?"

"ஆமாக்கா. எங்க ஊருக்கு நம்பர்னா இதான். ரேஷன் மெசேஜ், கேஸ் மெசேஜ், பள்ளிக்கூடத்து மெசேஜ், எல்லாம் இதுக்குத்தான் வரும். நான் போயி அவங்கவங்க வூட்ல சொல்லிடுவேன். அவங்க எஸ்டேட்டுக்குப் போனா சிம்மு மாத்திடுவாங்க, என் நம்பர் அப்படியே இருக்கும். இன்னாக்கா, எதுனா தப்பா?"

அவள் செய்ததில் தப்பு ஒன்றுமில்லை. பல வருடமாக ஓர் ஊரே நடத்திவரும் வழக்கம் அது. கேட்காமல் விட்டது நான்.

ஷீட்டின் பழைய பதிப்புகளைத் தோண்டினேன். ஒன்பது வீடுகள் பாதியளவு கிடைத்தன. பத்தாம் வகுப்புப் பெண்ணின் பெயரும் கிடைத்தது. வயது, வகுப்பு, போன வருடம் வந்த மஞ்சள்காமாலை உள்பட. நான்காம் பக்கம் மட்டும் இல்லை. அந்தச் சம்மதத்தின்மேல் அடுத்த வீட்டின் சம்மதம் ஏறி உட்கார்ந்துவிட்டது.

"ஆம்னு நீயே போட்டுடேன்க்கா" என்றாள் அவள். "அவங்க சொன்னதுக்கு நான் சாட்சி. மறுபடியும் போயி கேட்டா, அதுதான் சாக்குன்னு வேணாம்னு சொல்லிடுவாங்க."

கை நீண்டது என்பதை மறைக்க மாட்டேன். ஒரு சொல்தான். இரண்டே எழுத்து. ஆனால் அந்தக் கட்டம் என்னுடையது இல்லை. புதன்கிழமை வண்டியில் ஏறப்போகிற அந்த அம்மா சொல்ல வேண்டிய சொல் அது.

"நாளைக்குக் காலையில நானே வரேன்" என்றேன். "எல்லா வூட்டுக்கும் மறுபடியும் போறோம்."

கடையின் கதவைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். தொடர்பு எண்ணை அடையாளமாக வைத்ததைப் பிடுங்கி எறிந்தேன். இனி ஒவ்வொரு படிவமும் திறக்கும்போதே தனக்கென்று ஓர் எண்ணைத் தானே வைத்துக்கொள்ளும். ஒரே போனில் நூறு பேர் எழுதினாலும் நூறு வரிகள். டவர் இல்லாவிட்டால் எழுதியது போனிலேயே காத்திருக்கும், கிடைத்ததும் ஷீட்டுக்குப் போகும். இந்த முறை ஒரே எண்ணை ஆறு தடவை போட்டுப் பார்த்தேன். ஆறு வரிகள் வந்தன. ஏழாவதாகவும் போட்டுப் பார்த்தேன்.

செவ்வாய் காலை மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் கிளம்பினேன். கோமுகி அணையைத் தாண்டியதும் சாலை மலைக்குள் நுழைகிறது. வளைவுக்கு வளைவு குளிர் கொஞ்சம் கொஞ்சமாகக் கையுறை இல்லாத விரல்களைத் தின்றது. கீழே வெயிலில் கரும்பு வயல்கள். எதிரே மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய டிராக்டர்கள் பாரத்தோடு இறங்கின. சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். 'சர்வர் பிரச்சினை' என்று சொல்லலாம். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள், யாரும் திருப்பிக் கேட்பதில்லை. பத்தாவது வளைவில் அந்தப் பொய்யை இறக்கிவிட்டேன்.

பெரும்பாலான வீடுகள் சுலபமாக முடிந்தன. ஒரு கிழவர் என் போனை எட்டிப் பார்த்து, "நேத்து எழுதுனது அழிஞ்சிப் போச்சின்னா, நாளைக்கு இது அழியாதா?" என்று கேட்டார். அவரைத் தண்ணீர்த் தொட்டிவரை கூட்டிப்போய், ஷீட்டைத் திறந்து அவருடைய பேரனின் வரியைக் காட்டிய பிறகே விட்டார்.

கடைசியாகத்தான் அந்த வீட்டுக்குப் போனோம். வாசலில் மூட்டைகள் கட்டியாகிவிட்டன. போர்வை, அரிசி, ஒரு பிளாஸ்டிக் குடத்துக்குள் பாத்திரங்கள். அம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயதாவது குறைவாக இருக்கும். இடுப்பில் இரண்டு வயதுக் குழந்தை. பத்தாம் வகுப்புப் பெண் கதவோரம் நின்றாள். எங்களைக் கண்டதும் அவள் முகம் வெளுத்தது. மறுபடி கேட்க வருவதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குப் புரிந்திருந்தது.

"நேத்தே டேங்க் கிட்ட எழுதிக்கினீங்களே" என்றாள் அம்மா. "இன்னிக்கி இன்னாத்துக்கு?"

"நான் பண்ண தப்புங்க. உங்க ஊர்ல எல்லாருக்கும் ஒரே நம்பர்னு எனக்குத் தெரியல. பின்னாடி எழுதுனவங்க பேரு, முன்னாடி எழுதுனவங்க பேரை அழிச்சிடுச்சி."

"எங்களுக்குப் பின்னாடி யாரு எழுதுனது?"

"எதிர்வூடு" என்றாள் கூட வந்தவள்.

"அதானே பார்த்தேன். எங்க கோழியிலேர்ந்து எல்லாத்தையும் அழிக்கிறது அவதான்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். சிரிப்பு முடிந்ததும் குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள். "இப்ப நான் வேணான்னு சொன்னா?"

"வேணாம்னு தான் எழுதுவேன்."



"ராத்திரியெல்லாம் யோசனை தான்" என்றாள் அம்மா. "இவ வந்தா சின்னதைப் பார்த்துக்குவா, நான் நாலு கூடை ஜாஸ்தி பறிப்பேன். சரி, அது போவட்டும். அதை நான் எப்படியோ பார்த்துக்குவேன். இவளுக்கு எதுனான்னா எனக்கு யாரு சொல்லுவா? போன வருஷம் மஞ்சக்காமாலையில படுத்துக்கினு கெடந்தா. நான் அங்க மலைக்குள்ள இருப்பேன். நீங்க ஒரு ஆமா எழுதிக்கினு போயிடுவீங்க. அதோட முடிஞ்சிதா?"

போனைப் பார்த்தேன். ஆம். இல்லை. இரண்டு வட்டங்கள். பச்சைக்கு அரை நாள் கொடுத்தவள் இதற்கு எத்தனை நிமிடம் கொடுத்தேன்?

"கொஞ்சம் இருங்க" என்றேன். தண்ணீர்த் தொட்டிக்கு நடந்து போய், மடிக்கணினியை மடியில் வைத்து, நான்காம் பக்கத்தில் இன்னொரு கட்டம் சேர்த்தேன். தலைப்பு: 'பெற்றோர் சொல்லும் நிபந்தனை'. ஷீட்டிலும் அதற்கு ஓரிடம். டவர் இரண்டு முறை போய் வந்தது. முக்கால் மணி நேரம் ஆனது. திரும்பி வந்து, "இன்னா எழுதணும், சொல்லுங்க, நீங்க சொல்ற மாதிரியே எழுதறேன்" என்றேன்.

அவள் மூட்டைமேல் உட்கார்ந்தாள். நிதானமாகச் சொன்னாள். "வாரத்துக்கு ஒரு தபா போன்ல மொகத்தைக் காட்டணும். காய்ச்சல் வந்தா அன்னிக்கே சொல்லணும், அப்புறமா சொன்னோம்னு இருக்கக் கூடாது. பரிச்ச முடிஞ்ச மறுநாளு யாராவது கூட வந்து வுடணும், ஒண்டியா பஸ் ஏத்தக் கூடாது." அங்கே எந்த எண்ணில் பேசுவது என்று கேட்டேன். எஸ்டேட் மேஸ்திரியின் எண்ணைச் சொன்னாள். "அதான் அங்க எங்க எல்லாருக்கும்."

எழுதியதைப் படித்துக் காட்டினேன். "கூடாது ரெண்டு எடத்துல வரணும்" என்றாள். வந்திருந்தது.

"அப்ப ஆமான்னு போடுங்க."

புதன்கிழமை விடியற்காலையில் வண்டி போய்விட்டது. பதினோரு மணிக்கு இருபத்து மூன்று வரிகளையும் இல்லத்துக்கு அனுப்பினேன். கால் மணி நேரத்தில் பொறுப்பாளர் பேசினார்.

"ரொம்ப நல்லா வந்திருக்கு மேடம். ஆனா புதுசா ஒண்ணு நிபந்தனைன்னு நிக்குது. ஒரே ஒருத்தருக்குத்தான் நிரம்பியிருக்கு, மத்தவங்களுக்குக் காலி. எங்க பழைய பட்டியல்ல அப்படி ஒண்ணு இல்ல. எடுத்துடலாமா?"

"எடுக்கக் கூடாது சார்."

"ஒருத்தருக்காகவா?"

"அதை எடுத்தா அந்தப் பொண்ணுக்கு ஆம் கிடையாது சார். அவங்கம்மா வெறும் ஆம் சொல்லல. முழுசாப் படிச்சிப் பாருங்க."

மறுமுனையில் அவர் முணுமுணுத்துப் படிப்பது கேட்டது. ஒரு தடவை இருமினார். பிறகு, "வாரத்துக்கு ஒரு தபாவா, எந்தக் கிழமைன்னு கேட்டீங்களா?" என்றார்.

கேட்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை வெச்சிக்கலாம், அன்னிக்கிதான் எஸ்டேட் லீவு இருக்கும். நான் மேஸ்திரிகிட்ட பேசிக்கறேன். அந்தக் கட்டத்தை மட்டும் கொஞ்சம் அகலப்படுத்துங்க மேடம், பாதி வரி உள்ளயே மறைஞ்சி நிக்குது."

ஷீட்டைத் திறந்து, அந்தத் தலைப்பின் ஓரத்தைப் பிடித்து, கடைசிச் சொல்வரை தெரியும்படி இழுத்துவிட்டேன்.