நம்பர் இல்லாத மிஃப்தாஹ்

கணவன் இறந்தபின் நான்கு மாதம் பத்து நாள் இன்ஆம் வீட்டோடு இருந்தாள். விதவைக்கு உரிய இத்தா அது. அந்த நாட்களில் ஃபவாஸின் சாம்பல் நிறக் காரும் வாசலில் அசையாமல் கிடந்தது. "காரும் இத்தா இருக்கு பாரு" என்று அஸ்ஸல்த் ஊரின் அந்தச் செங்குத்துத் தெருவில் யாரோ சொல்லப்போக, அது அவள் காதுக்கும் வந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஃபவாஸ் போன பிறகு வந்த முதல் சிரிப்பு.

இத்தா முடிந்ததும் வேலைக்குத் திரும்பினாள். மலைக்குக் கீழே, பள்ளத்தாக்கில் இருக்கும் பெண்கள் பள்ளியில் அவள் ஆய்வுக்கூட உதவியாளர். இருபத்தாறு வருட வேலை. ஃபவாஸ் ஆஸ்பத்திரியில் ஆண் நர்ஸ். இரவுப் பணி முடிந்து வந்த கையோடு அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவான். இனி அவளேதான் ஓட்டிப் போக வேண்டும். பஸ் என்றால் இரண்டு மாற வேண்டும். முதல் பாடவேளை முடிந்த பிறகுதான் போய்ச் சேர முடியும். கார் இல்லையென்றால் வேலை இல்லை.

கார் கிளம்பவில்லை. புது பேட்டரி போட்டாள். ஒருநாள் ஓடியது, மறுநாள் காலையில் செத்துக் கிடந்தது. இன்னொரு பேட்டரியும் அப்படியே. அதன்பிறகு அவள் வேறு வழி கண்டாள். தெரு செங்குத்து அல்லவா? ஹேண்ட் பிரேக்கை விட்டு வண்டியை உருளவிட்டு, மூன்றாவது வீடு வரும்போது கியரைப் போட்டுக் கிளட்சை விடுவாள். வண்டி ஒரு குலுங்கு குலுங்கிவிட்டு உயிர் பெறும். ஒரு வாரம் இப்படி ஓடியது. எட்டாம் நாள் வண்டி உயிர் பெறாமலே வளைவு வரை உருள, கேஸ் சிலிண்டர் லாரி எதிரே வந்தது. எஞ்சின் ஓடாத காரில் பிரேக் கல்லாய் இறுகியிருந்தது. இரண்டு காலாலும் மிதித்து நிறுத்தினாள். இடையில் ஒரு சாண்தான் இடைவெளி.

சாயங்காலமே கொழுந்தன் துர்க்கி வந்து நின்றான்.

"உம் ரனீம், லாரியில மோத இருந்தீங்களாமே. காபிக்கடையில எல்லாரும் அதைத்தான் பேசறாங்க. எனக்குத் தலை நிமிர்ந்து உட்கார முடியல."

மகள் ரனீமின் பெயரால் அவளை எல்லாரும் அழைப்பது அப்படித்தான். துர்க்கியை அவன் மகன் மாஜிதின் பெயரால்.

"மோதலையே, அபு மாஜித்."

"மோதியிருந்தா?"

"மோதியிருந்தா நீங்க காபிக்கடைக்குப் போயிருக்க மாட்டீங்க. ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பீங்க. தலை தானா நிமிர்ந்திருக்கும்."

துர்க்கி சிரிக்கவில்லை. மகன் இல்லாத வீட்டில் இறந்தவனின் தம்பிக்கும் பங்கு உண்டு, காரிலும் உண்டு. அது இருவருக்கும் தெரியும்.

"வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிஞ்சதும் வாங்கற ஆளைக் கூட்டிட்டு வரேன்" என்றான். "நானே சாவி போட்டுத் திருப்பறேன். ஒரே திருப்புல கிளம்பிச்சுன்னா என் பங்கும் உங்களுக்குத்தான், அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன். கிளம்பலைன்னா அவன் கட்டி இழுத்துட்டுப் போயிடுவான்."

"வாக்கா?"

"வாக்கு."

அன்று செவ்வாய்க்கிழமை.

புதன்கிழமை பள்ளியிலிருந்து அம்மீட்டரைத் தலைமை ஆசிரியையிடம் சொல்லிவிட்டு எடுத்து வந்தாள். பேட்டரிக் கம்பியைக் கழற்றி இடையில் மாட்டினாள். சாவியும் இல்லை, விளக்கும் இல்லை. ஆனால் முள் எழுந்து நின்றது. எதுவோ திருட்டுத்தனமாகக் குடித்துக்கொண்டிருக்கிறது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். எதைப் பிடுங்கியும் முள் இறங்கவில்லை. மீட்டரைக் கழற்றிவிட்டுக் கம்பியைப் பழையபடி மாட்டினாள்.

பிடிபட்டது மறுநாள் விடியலில்தான். ஜனவரிக் குளிர். ஸ்டீயரிங் ஐஸாக இருந்தது, டாஷ்போர்டு ஐஸாக இருந்தது. கையுறையைக் கழற்றி எல்லா இடத்திலும் தடவிக்கொண்டே வந்தாள். காருடன் வந்த பழைய ஸ்டீரியோவில் கை பட்டதும் நின்றாள். அணைத்து வைத்த பெட்டி, ஆறிப்போன தேநீர்க் கிளாஸ் அளவுக்கு வெதுவெதுப்பாக இருந்தது.

"நீதானா?" என்றாள்.

அதை வெளியே எடுக்க வேண்டும். பள்ளிக்கு விடுப்புச் சொன்னாள். ஃபவாஸின் போனில் தலைநகர் அம்மானில் இருக்கும் ரேடியோ ரிப்பேர்க்காரனின் எண் இருந்தது. அழைத்தாள்.

"இழுத்துக் கிழுத்து உடைச்சிடாதீங்கம்மா" என்றான் அவன். "மிஃப்தாஹ் வேணும், ரெண்டு. அது இல்லாம கை வைக்காதீங்க." வாடிக்கையாளர் யாரோ வந்துவிட்டார் போலும், வைத்துவிட்டான்.

அந்த ஊரில் சாவிக்கும் மிஃப்தாஹ்தான், மெக்கானிக்கின் ஸ்பானருக்கும் மிஃப்தாஹ்தான். பூட்டு எதுவும் இல்லாத பெட்டிக்குச் சாவி எதற்கு? அவள் ஸ்பானர் என்றே எடுத்துக்கொண்டாள். கீழ்வீட்டு மெக்கானிக் அபு சுஹைபிடம் போனாள்.

"எட்டா, பத்தா?" என்றார் அவர்.

"அவன் நம்பர் சொல்லலையே."

"அம்மான்காரன் எப்போ முழுசாச் சொல்லியிருக்கான்? மொத்தமா எடுத்துட்டுப் போங்க. நான் வரட்டுமா?"

"வேண்டாம். நீங்க வந்தா நீங்கதான் கிளப்பினீங்கன்னு துர்க்கி சொல்லுவார்."

ஸ்பானர் இருந்தது, திருக போல்ட் இல்லை. சாம்பல் தட்டை எடுத்தாள். அதன் பின்னால் இரண்டு போல்ட் இருந்தன, கழற்றினாள். கியரைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் கையோடு வந்தது. காற்று வரும் துவாரத்தின் சட்டம் வந்தது. மதியத்துக்குள் காரின் பாதி உட்புறம் பின் சீட்டில் குவிந்திருந்தது. ஸ்டீரியோ மட்டும் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. மழைவேறு தூற ஆரம்பித்தது.

மறுபடி அழைத்தாள். "எந்த நம்பர் மிஃப்தாஹ்னு சொல்லாமலே வெச்சுட்டீங்களே!"

அந்தப் பக்கமிருந்து சிரிப்பு. "சாவிக்கு எங்கம்மா நம்பர்? முகப்புல ரெண்டு ஓரத்துலயும் ரெண்டு ரெண்டு ஓட்டை இருக்கா?"

"இருக்கு. சூடு போறதுக்கு."

"சூடு போறதுக்கு இல்ல. அதுதான் சாவித்துவாரம். கம்பிச் சாவி உள்ள போய் ஸ்பிரிங்கை அமுக்கினாத்தான் பெட்டி வெளிய வரும். என்கிட்ட இருக்கு, சனிக்கிழமை வாங்க. நாளைக்குக் கடை லீவு."

"சனிக்கிழமை எனக்குக் காரே இருக்காது" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

பதினெட்டு வருடம் அந்த நான்கு துளைகளைத் துணியால் துடைத்திருக்கிறாள். சூடு போகும் வழி என்று ஃபவாஸ்தான் சொல்லியிருந்தான். அவனுக்குத் தெரியாததைத் தெரியாது என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை.

வீட்டுக்குள் போய்க் கம்பி தேடினாள். துணி மாட்டும் கம்பி வளைந்துகொண்டது. பின்னல் ஊசி தடிமன். அடுப்படியில் ஈரல் சுடும் மெல்லிய கம்பிகள் இருந்தன, ஒரு டஜன். நான்கை உருவிக்கொண்டு வந்தாள். ஒவ்வொன்றாகச் செருகினாள். இரண்டு விரல் ஆழத்தில் உள்ளே எதுவோ மெல்ல எதிர்த்துப் பின்வாங்குவது கையில் தெரிந்தது.

அபு சுஹைப் குடையோடு எட்டிப் பார்த்தார். "அல்லாஹ்வே! ரேடியோவைக் கபாப் போடறீங்களா?"

"வெந்ததும் கூப்பிடறேன், போங்க."

இடக்கையில் இரண்டு, வலக்கையில் இரண்டு. கம்பிகளை வெளிப்பக்கமாக விரித்துப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. ஒரு கம்பி நழுவி உள்ளங்கையைக் கீறியது. சால்வை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு மறுபடி செருகினாள். நாலாவது முறை, இடப்பக்கம் 'டக்' என்றது. விடாமல் பிடித்துக்கொண்டாள். வலப்பக்கமும் 'டக்'. பெட்டி சட்டென்று மடியில் வந்து விழுந்தது, பின்னால் வயர்கள் தொங்க.

வயர் கட்டுக்குள் ஒரு சிவப்பு வயர் மட்டும் அந்நியமாய், எங்கோ முன்பக்கம் நேராக ஓடியது. ஃபியூஸ் பெட்டி பக்கமே போகாத வயர். அதை ஸ்டீரியோவின் இரண்டு வயர்களோடும் சேர்த்து முறுக்கி, மேலே டேப்புக்குப் பதில் ஆஸ்பத்திரியின் வெள்ளைப் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. பிளாஸ்திரியின்மேல் நீலப் பேனாவில் தேதி, மணி, கீழே ஃபவாஸின் கையெழுத்துச் சுழி. நோயாளியின் கையில் டிரிப் ஊசி ஏற்றியதும் நர்ஸ்கள் எழுதுவார்களே, அப்படி.

அவள் வீட்டுக்குள் சிகரெட் பிடிக்க விடமாட்டாள். அவன் காரில் உட்கார்ந்து, கதவைத் திறந்து வைத்து, புகையோடு கால்பந்து வர்ணனை கேட்பான். சாவி எங்கே என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. பேட்டரியிலிருந்தே நேராக இழுத்துக்கொண்டிருக்கிறான், கள்ளன். பகலும் இரவும் ஓடிய காரில் அது தெரியவில்லை. நான்கு மாதம் ஓடாமல் கிடந்ததில் பெட்டியும் கெட்டு, அணைத்தாலும் குடிக்க ஆரம்பித்திருக்கிறது.

தேதியை இன்னொரு முறை படித்தாள். அந்த எழுத்தை இப்படி எதிர்பாராமல் பார்த்து நாளாகியிருந்தது. மழை கண்ணாடியில் வழிந்தது.

பிறகு இறங்கிப்போய்ப் பேட்டரிக் கம்பியைக் கழற்றிவிட்டு வந்து, இடுக்கியால் சிவப்பு வயரைப் பிளாஸ்திரிக்கு ஒரு விரல்கடைக்கு முன்னால் வெட்டினாள். நுனியைக் கறுப்பு டேப்பால் சுற்றி உள்ளே தள்ளினாள். பிளாஸ்திரியைத் தொடவில்லை, ஸ்டீரியோவை வயர் கட்டிலிருந்து கழற்றியதும் அது கட்டோடு உள்ளே போனது. அம்மீட்டரை மாட்டினாள். முள் பூஜ்யத்தில் படுத்துக்கொண்டது. கழற்றியதையெல்லாம் பழையபடி மாட்டிவிட்டு, அபு சுஹைபிடம் சார்ஜரைக் கடன் வாங்கி இரவெல்லாம் பேட்டரிக்கு ஏற்றினாள்.

வெள்ளிக்கிழமை துர்க்கி வந்தான், கூடவே தோல் ஜாக்கெட் போட்ட ஒருவன். இன்ஆம் சாவியை நீட்டினாள். "திருப்புங்க."

துர்க்கி பிஸ்மில்லாஹ் சொல்லித் திருப்பினான். கார் ஒரே திருப்பில் கிளம்பியது. அவன் கையை எடுக்காமல் எஞ்சின் சத்தத்தையே கேட்டபடி இருந்தான்.

ஜாக்கெட்காரன் தலையை உள்ளே விட்டான். "என்ன இது, பெரிய ஓட்டை? ரேடியோ எங்க?"

"வாங்கப்போறது நீங்க இல்ல, ஓட்டை உங்களுக்கு எதுக்கு?" என்றாள் இன்ஆம்.

அவன் துர்க்கியைப் பார்த்தான். துர்க்கி வாயைத் திறக்கவில்லை. தோளை மட்டும் குலுக்கினான். முணுமுணுத்துக்கொண்டே ஜாக்கெட்காரன் தன் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதில்தான் துர்க்கியும் வந்திருந்தான்.

"நகருங்க" என்றாள் இன்ஆம். "வீட்டுல விட்டுடறேன்."

துர்க்கி பக்கத்து இருக்கைக்கு நகர்ந்தான். தெருவில் இறங்கும்போது அவன் கை பழக்கத்தில் ரேடியோவைத் தேடிப் போய், வெறும் குழிக்குள் நுழைந்து திரும்பியது.

"அண்ணன் எவ்வளவு சத்தமா வைப்பான்" என்றான், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

"ம்."

"பேசவே விடமாட்டான்."

"இப்ப பேசுங்க" என்றாள் அவள். வளைவில் வேகத்தைக் குறைத்து, இரண்டாவது கியரில் இறக்கினாள்.