ஒரு பாட்டில், நாலு கூறு

பழவேற்காட்டுப் பக்கம் டாக்டராக வேலைக்கு வந்த புதிதில், எதையும் ஒரே மாதத்தில் சரிசெய்துவிடலாம் என்ற நினைப்பு எனக்கு. அந்த ஆறு வயதுப் பெண்ணைப் பார்த்ததும் கை இன்னும் பரபரத்தது. கண் ரப்பையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளேரென்று இருந்தது. சாக்பீஸ் தின்கிறாளாம்; ரத்தம் குறைந்தால் வருகிற ஆசை அது. கடுமையான ரத்தச்சோகை. பூச்சி மாத்திரை ஒன்றும் இரும்புச்சத்து டானிக் ஒரு பாட்டிலும் கொடுத்தேன்.

"ஒரு மாசம் பார்ப்போம்மா. ரத்தம் ஏறலன்னா பொன்னேரி ஆஸ்பத்திரியில சேர்த்துதான் ஆகணும்."

அவளுடைய அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, பிடித்ததைப் போட ஓலைப் பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர்.

"நான் அங்க போய் குந்திக்கினா மத்த மூணுக்கும் யாரு கஞ்சி ஊத்துறது? அதெல்லாம் ஆவாது டாக்டரம்மா. இன்னா மருந்துன்னாலும் இங்கியே குடு."

மாதம் முடிந்து வந்தார்கள். ரத்தம் ஏறவே இல்லை. எனக்குக் கோபம்.

"மருந்து ஒழுங்கா குடுத்தீங்களா?"

"ஒரு வேளை தப்பல. நீயே பாரு" என்று மகளின் வாயைத் திறந்து காட்டினார். பல்லெல்லாம் கருப்பு. அந்த டானிக் பல்லில் கறை பிடிக்கும், குடித்ததற்கு வேறு சாட்சி தேவையில்லை. வேறு வழியில்லாமல் பொன்னேரிக்குச் சீட்டு எழுத ஆரம்பித்தேன்.

கதவோரம் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவளுடைய அக்காவும் இரண்டு தம்பிகளும் நின்றிருந்தார்கள். சிரித்த மூன்று வாயும் கருப்பு.

"இவங்களுக்கும் ஊத்துனீங்களா?"

"பின்ன? ஒரு மூடிய நாலு கூறா போட்டு ஊத்துனேன். ஒண்ணுக்கு மட்டும் குடுத்தா மத்ததுங்க மூஞ்சிய எப்படி பார்க்கறது?"

அங்கே வழக்கமே அதுதான். கூட்டாகப் போகிற பெண்கள் கரையேறியதும் இறாலைக் கொட்டி, சரிசமமாகக் கூறு போடுவார்கள். காய்ச்சலில் வராமல் வீட்டில் கிடப்பவளுக்கும் ஒரு கூறு உண்டு. டானிக் மட்டும் விதிவிலக்கா என்ன?

திட்டுவதற்கு முன் மற்ற மூன்று பேரின் விரலையும் குத்திப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. நல்லவேளை. மூன்று பேருக்குமே ரத்தம் குறைவு. அக்காவுக்குத் தங்கையைவிடக் குறைவு.

"அப்ப நான் கூறு போட்டது தப்பா?"

"தப்பு என்னுதும்மா. ஒரே சட்டியில சாப்பிடற நாலு பேருல ஒருத்திய மட்டும் பார்த்தேன். உங்க விரலையும் காட்டுங்க."

பிள்ளைகளுக்கு நாலு பாட்டில், அவருக்கு மாத்திரை. பாட்டில்கள் மாறிப்போகாமல் இருக்க, ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு நிற நைலான் நூலைக் கட்டியது அவருடைய யோசனை. குடித்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும் என்பது, நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது. பாதி எழுதிய சீட்டை மேஜை டிராயரில் போட்டேன். இன்னும் ஒரே மாதம், அதற்குமேல் கேட்காதீர்கள் என்றேன்.

அடுத்த மாதம் நாலு பேருக்கும் ஏறியிருந்தது. சின்னவளுக்குத்தான் அதிகம். "சாக்பீஸ் இப்ப நல்லாவே இல்லக்கா" என்று புகார் சொன்னாள்.

"அப்ப பொன்னேரிக்கு?" என்றார் அம்மா.

சீட்டை எடுத்துக் கிழித்தேன். "சினிமா பார்க்க வேணா போயிட்டு வாங்க."

"நாலையும் இட்டுக்கினா? அதுக்கு ஆஸ்பத்திரியிலயே குந்திக்கினு இருப்பேன்."