வேலிக்கு வெட்டிய கண்டல்

போர்நிறுத்தம் என்ற பெயரில் துப்பாக்கிகள் கொஞ்சம் ஓய்ந்திருந்த காலம் அது. மன்னார்த் தீவில், தோட்டவெளியிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் ஒரு மீன்பிடிக் கிராமம். அங்கே உவர்ச்சேற்றில் வளரும் கண்டல் மரக்கன்று நடும் திட்டமொன்றுக்கு நான் பொறுப்பாக இருந்தேன். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. கொழும்பில் ஏழு நாள், ஒரு முழுக் கிழமை பயிற்சி எடுத்திருந்தேன். உலகம் சூடாகிறது, கடல் ஏறி வருகிறது, கரையைக் காக்கக் கண்டல் வேண்டும் என்று படம் போட்டுக் காட்டினார்கள். அவர்கள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. பிழை முழுக்க என்னுடையது.

அந்த ஊரில் வீடுகளுக்கும் கடலுக்கும் நடுவே பழைய கண்டல் கொஞ்சம் மிஞ்சி நின்றது. மண்ணெண்ணெய் கிடைக்காத வருடங்களில் மற்றதெல்லாம் அடுப்புக்குப் போய்விட்டதாம். பிறகு ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் ஊர் கூடி, இனி யாரும் அதில் கத்தி வைப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறார்கள். விறகுக்கு வெகுதூரம் நடந்துபோய் உடைமுள் வெட்டி வந்தார்களே தவிர, அந்தக் கண்டலைத் தொடவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். என் அறிக்கையில் பெருமையாக எழுதியும் இருந்தேன்.

நாங்கள் கன்று நட்டது அதற்கு அப்பால், திறந்த சேற்றுவெளியில். கூலிக்கு நட வந்தவர்களில் ஓர் அக்கா இருந்தார். கடலுக்குப் போன கணவர் திரும்பி வரவில்லை. இரண்டு பெண்பிள்ளைகள். கண்டல் வேர்களுக்குள் கையால் துழாவி இறால் பிடித்துத்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது.

ஒரு வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து பெரிய அதிகாரிகள் பார்வையிட வருவதாக இருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் போய்ப் பார்த்தால், ஊர்க் கழுதைகள் பாதிக் கன்றுகளை மிதித்துத் துவைத்திருந்தன. திட்டம், அறிக்கை எல்லாம் கழுதைக்கு எங்கே தெரியும்? வெள்ளிக்கு மூன்று நாள்தான் இருந்தது. வேலி போட வேண்டும். வெளியிலிருந்து கம்பு கொண்டுவர ஆமி முகாமில் அனுமதிக் கடிதம் எடுக்க வேண்டும். அதற்கே ஒரு கிழமை போகும். சுற்றிப் பார்த்தேன். நேராக, உறுதியாக, கைக்கெட்டும் தூரத்தில் பழைய கண்டல் நின்றது.

வெட்டச் சொன்னேன். ஊர் ஆட்கள் ஒருவரும் அசையவில்லை. அந்த அக்காதான் முன்னால் வந்தார்.

“சேர், அதை வெட்டாதேங்கோ. அதை வெட்டினா திரும்பத் துளிர்க்காது. சோளகக் காத்து அடிச்சா அலை நேர எங்கட வீட்டு வளவுக்குள்ளதான் வரும்.”

“வெட்டுறதுக்குப் பத்து மடங்கு நட்டிருக்கிறம்தானே அக்கா” என்றேன்.

“நீங்கள் நட்ட இடத்தில அலை நிண்டு அடிக்குது சேர். அதில வேர் பிடிக்காது. நட வரேக்கையே சொல்ல நினைச்சனான்.”

“படிச்ச ஆக்கள் பாத்துத்தான் இடம் குறிச்சவை” என்று எரிந்து விழுந்தேன். அது பச்சைப் பொய். இடம் குறித்தது நான். வாகனத்தை விட்டு இறங்கியதும் படமெடுக்க வசதியாக இருந்த இடம் அதுதான். கடைசியில் வேறு ஊரிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து வெட்டுவித்தேன். இரண்டு நாளில் வேலி எழும்பியது. வெள்ளிக்கிழமை வந்தவர்களுக்கு ஒரே மகிழ்ச்சி. அந்த அக்காவின் கையிலேயே ஒரு கன்றைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நான்தான் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டினேன்.

தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகம் தொடங்கி இரண்டாம் கிழமையில் கன்றுகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. வேலி மட்டும் அசையாமல் நின்றது. வெட்டிய இடத்தில் வெறும் கட்டைகள், ஒன்றுமே துளிர்க்கவில்லை. அந்த இடைவெளியால் புகுந்த அலை கரையை அரித்து, முன்வரிசை வீடுகளின் வளவுக்குள் வந்து போயிருந்தது.

அதைப் பார்க்கப் போன அன்று அக்காவின் வீட்டு வாசலில் நின்றேன். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கதிரையைத் துடைத்துப் போட்டு, “இருங்கோ சேர்” என்றார். தேநீர் கொண்டுவந்து தந்தார்.

“கிணத்துக்குள்ள கடல்தண்ணி வந்திட்டுது. தேத்தண்ணி கொஞ்சம் உப்புக் கரிக்கும். கோவிக்காதேங்கோ.”

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அவர் என்னிடம்! ‘என்னாலதான் அக்கா, என்னை மன்னியுங்கோ’ என்ற ஒரு வரி வாய்வரைக்கும் வந்தது. வெளியே வந்ததோ, “நல்லாத்தான் இருக்கு அக்கா” என்பதுதான். மடமடவென்று குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அடுத்த முறை போகும்போது கட்டாயம் சொல்வேன் என்று வழியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த முறை வரவில்லை. சண்டை மறுபடி மூண்டது. அந்த ஊர்ச் சனம் சிதறியது. இந்தியாவுக்குப் படகேறியதாகச் சிலர் சொன்னார்கள், அகதி முகாமில் கண்டதாகச் சிலர் சொன்னார்கள். நான் தேடிய இடத்திலெல்லாம் அவர் இல்லை.

கடல் ஏறி வருவதைப் பற்றி இப்போதும் கூட்டங்களில் பேசுகிறேன். கண்டல் நட ஒரு கரையைக் காட்டினால், இங்கே இறால் பிடிப்பது யார் என்று கேட்டு, அவர்கள் வந்து சொல்லும்வரை ஒரு கன்றையும் இறக்க விடுவதில்லை. ஆனால் அந்த உப்புத் தேநீருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இன்னும் என்னிடமேதான் இருக்கிறது.