மெழுகு போட்ட தரையில் நிற்காத என்ஜின்

கோட்டையூரில் பதினோரு பங்காளிகளுக்குப் பொதுவான வீடு அது. கொட்டகையில் நின்ற பழைய இங்கிலீஷ் காரும் பொது. ரிப்பேர் செய்ய மட்டும் எப்படியோ எல்லோரும் சம்மதித்து மெக்கானிக்கான என்னிடம் ஒப்படைத்தார்கள். விற்பதா வைத்துக்கொள்வதா என்பதில்தான் இழுபறி. ஒருவர் தலையாட்டாவிட்டாலும் பொதுச் சாமான் அசையாது. முன்னோர்களுக்குப் படைப்பு போட எல்லோரும் வெளியூரிலிருந்து வரும் நாளில் முடிவெடுப்பதாகச் சொன்னார்கள்.

விற்றுவிடுவார்களோ என்ற பயத்தில் ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. யாருடைய காருக்கோ நான் ஏன் இப்படிக் கிடந்து தவிக்க வேண்டும்? இரண்டு வருடம் அதன் ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றி மாட்டியவனிடம் நியாயம் பேச முடியாது.

என் மனைவி கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுப்பவள். அவள் செய்து தந்த செயலியோடு டேப்லெட்டைக் காருக்கு நேரே பிடித்தால், திரையில் பானெட் கண்ணாடி மாதிரி ஆகி உள்ளே என்ஜின் ஓடுவது தெரியும். பிஸ்டன் ஏறி இறங்கும். உள்ளே இருப்பதைப் பார்த்துவிட்டால் யாருக்கு விற்க மனசு வரும் என்பது என் கணக்கு.

படைப்பு அன்று, உள்ளே பந்தி நடக்கும்போது கொட்டகையில் சோதித்துப் பார்த்தோம். எங்கள் பட்டறையில் சமர்த்தாக நின்ற என்ஜின், இங்கே திரையில் காரை விட்டு வெளியே வந்து சுவர்ப்பக்கம் நகர்ந்து போனது.

மனைவி குனிந்து பார்த்தாள். “தரைக்கும் மெழுகு போட்டீகளா?”

“பளபளன்னு இருக்கட்டுமேன்னு…”

“நல்லா இருக்கு! தரையைப் பாத்தாலும் காருதான் தெரியுது. எது தரை, எது காருன்னு கேமராவுக்குத் தெரியலை. தரையில ஏதாச்சும் அடையாளம் இருந்தாத்தான் நிக்கும்.”

சாக்பீஸ் தேடி ஓடினேன். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆச்சி மறித்தார். “படைப்பு அன்னைக்கு வீட்டுல கிறுக்குவியா? தள்ளுப்பா அங்குட்டு.” அரைத்த அரிசிமாவைக் கிண்ணத்தில் கொண்டுவந்து, காரைச் சுற்றிக் கோலம் போட உட்கார்ந்தார். உள்ளே பந்தி முடிந்து கை கழுவும் சத்தம் கேட்டது. ஈரக் கோலம் எப்போது காய்வது? என் தோள் துண்டால் விசிறினேன்.

“அவசரப்படுத்தாதப்பா, கோடு கோணிரும்” என்றார் ஆச்சி.

கோலம் காய்ந்தது. என்ஜின் நின்றது. இம்மி நகரவில்லை.

பங்காளிகள் டேப்லெட்டைக் கை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். சின்னப் பிள்ளைகளைப் போலச் சண்டை போட்டார்கள். நான் சாதித்துவிட்டேன் என்று நினைத்தேன். வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டு நின்றேன். காரை ஒருவரும் தொடவில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

மூத்தவர் டேப்லெட்டை மனைவியிடம் நீட்டினார். “வண்டியே கையில இருக்க மாதிரில்ல இருக்கு! எல்லார் போன்லயும் ஏத்திக் குடுத்துருங்கம்மா. இது இருக்கையில வண்டிய எதுக்கு நிப்பாட்டி வச்சுக்கிட்டு? வித்துருவோம்.”

பதினோரு பேரும் தலையாட்டினார்கள். ஒருவர்கூட மறுக்கவில்லை.

அவர் என் பக்கம் திரும்பினார். “தம்பி, வாங்க வர்றவுகளுக்கும் நீங்களே வந்து இதைக் காட்டிருவீகல்ல?”

“காட்டிரலாம் ஐயா” என்றேன்.